சீரியல் ரசிகர்களிடம் திரட்டிய 3,26,700 ரூபாயும், கணக்கு முடங்கிக் கிடந்த 52 நாட்களும்

நீங்கள் ஒரு ரசிகர் குழு நடத்துகிறீர்கள், எல்லோரிடமும் பணம் திரட்டி ஒரு நல்ல காரியம் செய்ய நினைக்கிறீர்கள் என்றால், க்யூஆர் கோடைப் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். 2024இல் நான் பட்டதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் பாதிக் கஷ்டம் வந்திருக்காது. சொல்ல ஆளில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் புதுக்கோட்டையில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மாலை ஏழரை மணி சீரியல் ஒன்றின் ரசிகர்களுக்காக நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வாட்ஸ்அப் குழுக்கள் நடத்திவந்தோம். நான்கு குழுக்களிலும் சேர்த்து ஏறக்குறைய 900 பேர். முக்கால்வாசிப் பேர் பெண்கள். தினமும் எபிசோடு முடிந்ததும் ஒரு மணி நேரம் பேச்சு ஓடும். அதில் பெரியப்பாவாக நடித்தவர்மேல் எங்களுக்கெல்லாம் தனிப் பிரியம். அவர் எங்கள் பக்கத்துக்காரர். ஆலங்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கும் நாடகக் கொட்டகையில்தான் மேடையில் நிற்கவே கற்றுக்கொண்டேன் என்று ஒரு பேட்டியில் சொன்னார். 2018 கஜா புயலில் அதன் கூரை போய்விட்டது, இன்னமும் தார்ப்பாய் போட்டுத்தான் பிள்ளைகள் பழகுகிறார்கள் என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.

புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகம் தெரிந்தவர்களுக்கு அந்தக் கொட்டகையின் அருமை புரியும். சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துக்கொடுத்த வழியில் வரும் நாடகம் அது. திருவிழாவுக்குக் கதாநாயகனான ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும், கதாநாயகியான ஸ்திரீபார்ட்டை இன்னோர் ஊரிலிருந்தும், கோமாளியான பபூனை வேறிடத்திலிருந்தும் தனித்தனியாகப் பேசி அழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. பல நேரம் மேடையில்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். இரவு பத்து மணிக்குத் தொடங்கும் வள்ளி திருமணம் விடியும்வரை நடக்கும். எல்லோருக்கும் பாட்டும் தர்க்கமும் மனப்பாடம் என்பதால்தான் அது நடக்கிறது. ஆனால் நிலையான குழு என்று ஒன்று இல்லாததால், புதிதாக வரும் பிள்ளை எங்கே உட்கார்ந்து கற்றுக்கொள்ளும்? அந்தக் கொட்டகையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரும், வயதான ஆர்மோனியக்காரர் ஒருவரும் ஊர்ப்பிள்ளைகள் 30 பேருக்குக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்து வருகிறார்கள்.

ஆகஸ்ட் மாதத்தோடு சீரியல் முடிகிறது என்று தெரிந்ததும் குழுவில் எல்லோருக்கும் மனசு கனத்துவிட்டது. கடைசி எபிசோடுக்குக் கேக் வெட்டலாம், பேனர் வைக்கலாம் என்று பேச்சு வந்தது. அப்போது நான்தான் சொன்னேன், அந்தக் காசில் பெரியப்பாவின் கொட்டகைக்குக் கூரை போடலாமே என்று. பத்தே நிமிடத்தில் நூறு பேருக்கு மேல் சரி என்றார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். மறுநாள் காலை பெரியப்பாவின் படத்தைப் போட்டு, என் சேமிப்புக் கணக்கின் க்யூஆர் கோடைக் கீழே ஒட்டி, போஸ்டர் ஒன்று செய்து நானே அனுப்பினேன்.

அந்த ஒரு காலையில் மூன்று தவறுகள் செய்துவிட்டேன். அப்போது தெரியவில்லை.

முதலாவது, கொட்டகைக்காரர்களிடம் என்ன வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. கூரை என்று பேட்டியில் கேட்டதை வைத்துக்கொண்டு நாங்களே முடிவு செய்தோம். குழுவில் சிலர் பெரியப்பா படத்தோடு பெரிய பெயர்ப்பலகை வைக்க வேண்டும், எல்இடி விளக்கு போட வேண்டும் என்றார்கள். வசூல் தொடங்கிப் பத்து நாள் கழித்து நேரில் போனபோது வாத்தியார் ஐயா தயங்கித் தயங்கிச் சொன்னார்: “கூரையும் வேணும்தாம்மா. ஆனா இங்க பன்னிரண்டு பொம்பளைப் பிள்ளைங்க வருது. கழிப்பறை இல்லாததால வயசுக்கு வந்ததும் நின்னுடுதுங்க. அடுத்தது கரண்ட். எர்த் இல்ல, மழை பெஞ்சா சுவிட்சைத் தொட பயமா இருக்கு.” எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பேட்டியில் கழிப்பறையைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள் இல்லையா. அதனால் முதல் வேலையாக நேரில் போய் உட்கார்ந்து கேளுங்கள். ஆண்களிடம் மட்டும் கேட்காமல் அங்கே பழகும் பெண்பிள்ளைகளிடமும், அவர்களின் அம்மாக்களிடமும் கேளுங்கள். அவர்கள் சொன்னதை வரிசைப்படுத்தி, கொத்தனாரிடமும் வெல்டரிடமும் விலை எழுதி வாங்கி, அந்தத் தாளைப் போட்டு வசூலைத் தொடங்குங்கள். நாங்கள் பாதி வழியில் திட்டத்தை மாற்றியதால், “கூரைன்னு சொல்லி வாங்கிட்டு இப்ப கக்கூஸ்னு சொல்றீங்க” என்று சிலர் கோபித்துக்கொண்டார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது.

இரண்டாவது, நடிகரின் படம். அவருடைய மேனேஜர் நான்காம் நாள் போன் செய்து, சேனலோடு ஒப்பந்தம் இருக்கிறது, சீரியல் கெட்டப்பில் இருக்கும் படத்தை வசூலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்றார். உடனே எடுத்துவிட்டோம். ஆனால் அதற்குள் அந்தப் போஸ்டர் முகநூலில் பல இடங்களுக்குப் போய், யாரோ ஒருவன் எங்கள் க்யூஆரை வெட்டிவிட்டுத் தன்னுடையதை ஒட்டியிருந்தான். எங்களுக்குத் தெரிந்தே 23 பேர் அதில் பணம் போட்டு ஏமாந்தார்கள். ஒருவர் 5,000 ரூபாய் போட்டிருந்தார். அவர் அழுததை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. படத்தோடு க்யூஆரைச் சேர்த்து அனுப்பினால் வெட்டி ஒட்டுவது சுலபம். கணக்கின் பெயர் இதுதான், ஸ்கேன் செய்ததும் இந்தப் பெயர் வந்தால் மட்டும் பணம் போடுங்கள் என்று ஒவ்வொரு முறையும் எழுத்தில் சொல்லுங்கள். யாராவது ஏமாந்துவிட்டால் அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைக்கச் சொல்லுங்கள். நேரம் போகப் போகப் பணம் கைமாறிவிடும்.

மூன்றாவதுதான் என்னை வாட்டியெடுத்தது. மற்றவர்கள் பணத்தை என் சொந்தக் கணக்கில், அதுவும் சம்பளம் வரும் கணக்கில் வாங்கினேன்.

மூன்று வாரத்தில் 587 பேர் 3,26,700 ரூபாய் அனுப்பியிருந்தார்கள். 20 ரூபாய் போட்டவர்களும் உண்டு, 10,000 போட்டவர்களும் உண்டு. குழுவில் ‘நான் இவ்வளவு தருகிறேன்’ என்று சொன்னதையெல்லாம் கூட்டிப்பார்த்தால் ஆறு லட்சத்தைத் தாண்டியிருந்தது. வந்தது ஏறக்குறைய பாதிதான். சொன்ன தொகையை நம்பி வேலையைப் பேசிவிடாதீர்கள், கைக்கு வந்ததை வைத்து மட்டும் பேசுங்கள். நல்லவேளை, அந்த ஒரு விஷயத்தில் வெல்டர் அண்ணன் என்னைத் தடுத்தார். இரும்புக்கும் கூலிக்குமாக அவருக்கு 1,20,000 கொடுத்தோம். செப்டம்பர் 12ஆம் தேதி பழைய தார்ப்பாயையும் மிச்சமிருந்த ஓடுகளையும் பிரித்தார்கள். கொட்டகை வானம் பார்த்து நின்றது.

செப்டம்பர் 19ஆம் தேதி காலை கூரை ஷீட் கடைக்குப் பணம் அனுப்பப் பார்த்தேன். போகவில்லை. சர்வர் கோளாறு என்று நினைத்தேன். மதியம் பால்காரருக்கு 60 ரூபாய் போடப் பார்த்தேன், அதுவும் போகவில்லை. வங்கிக்கு ஓடினேன். “உங்க கணக்கை ஃப்ரீஸ் பண்ணச் சொல்லி சைபர் கிரைம்லேருந்து வந்திருக்கு மேடம்” என்றார்கள். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கால் நடுங்கியது. வடமாநிலம் ஒன்றில் யாரோ ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணம் நாலைந்து கணக்குகள் மாறி வந்திருக்கிறது. அதில் ஒரு கணக்கிலிருந்து எனக்கு 2,500 ரூபாய் நன்கொடையாக வந்திருந்தது. அனுப்பியவர் யார் என்று எனக்குத் தெரியாது. எங்கள் குழுவிலும் இல்லை. ஏமாந்தவர் 1930இல் புகார் கொடுத்தால், அந்தப் பணம் போன வழியெல்லாம் தேடிப் பிடித்து ஒவ்வொரு கணக்கையும் நிறுத்திவைக்கிறார்கள். ஏமாந்தவர் பணத்தைக் காப்பாற்ற அது தேவைதான், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் 2,500 ரூபாய்க்காகக் கணக்கு முழுவதும் நின்றுபோனது. கொட்டகைப் பணம் 2,06,700. என் சொந்தப் பணம் 14,000. பணம் எடுக்கத்தான் தடை, உள்ளே வர முடியும் என்பது எனக்கு உறைக்கவில்லை. செப்டம்பர் மாதச் சம்பளம் 17,000மும் அதே கணக்கில் போய் விழுந்து மாட்டிக்கொண்டது. உங்களுக்கு இப்படி நடந்தால் அன்றைக்கே அலுவலகத்தில் சொல்லிச் சம்பளக் கணக்கை மாற்றிவிடுங்கள்.

வங்கியில் கெஞ்சிக்கொண்டு நிற்பதில் நான் எட்டு நாள் வீணாக்கினேன். அவர்களால் தாமாகத் திறக்க முடியாது. நீங்கள் அங்கே கேட்க வேண்டியவை: எந்தத் தேதியில் வந்த எந்தத் தொகை சந்தேகத்துக்குரியது, புகார் எண் என்ன, எந்தக் காவல் நிலையம், விசாரிக்கும் அதிகாரியின் மின்னஞ்சல் என்ன. இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாகச் சொல்வதைக் குறித்துக்கொண்டு வந்து நான் தவறான மின்னஞ்சலுக்கு ஒரு வாரம் எழுதிக்கொண்டிருந்தேன். 2024இல் போலீஸ் கணக்குகளை முடக்கியது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106ஆவது பிரிவை வைத்துத்தான். ஆனால் இப்படிப்பட்ட வழக்குகளில் சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மீதியை எடுக்க விடும்படி கேரள உயர் நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டிருக்கின்றன. இதை எனக்குச் சொன்னது எங்கள் பள்ளிப் பிள்ளை ஒருவரின் அப்பா, அவர் வழக்கறிஞர். ‘2,500 ரூபாயை மட்டும் லீன் வைத்துவிட்டு (அதாவது எடுக்க முடியாதபடி நிறுத்திவைத்துவிட்டு) மீதியை விடுவியுங்கள்’ என்று தெளிவாக ஒரு கடிதம், அதோடு ஆதார், பாஸ்புக் பக்கங்கள், வசூல் போஸ்டர், வெல்டர் கொடுத்த ரசீது, கொட்டகையை நடத்தும் சங்கத்தின் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பச் சொன்னார். முதல் நாளே அந்தக் கடிதத்தை எழுதியிருந்தால் இரண்டு வாரமாவது மிச்சமாகியிருக்கும்.

அந்த நாட்களில் பணத்தைவிட அதிகமாக வலித்தது குழுவில் நடந்தது. கணக்கு முடங்கிவிட்டது என்று நான் எழுதியதும் முதலில் அனுதாபம் காட்டினார்கள். ஒரு வாரம் போனதும், “எல்லா மோசடிக்காரங்களும் இதைத்தான் சொல்றாங்க” என்று ஒரு அக்கா எழுதினார். அவரோடு நான் மூன்று வருடமாக தினமும் பேசிக்கொண்டிருந்தவள். அவர் மகள் கல்யாணத்துக்குப் போய் மொய் வைத்துவிட்டு வந்தவள். மற்ற இரண்டு அட்மின்களும், ஒருவர் சென்னை, ஒருவர் சிங்கப்பூர், பதில் போடாமல் ஒதுங்கிக்கொண்டார்கள். பெயரும் கணக்கும் என்னுடையவை என்பதால் கேள்வியெல்லாம் எனக்கே வந்தது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். வீட்டுக்காரர் போனைப் பிடுங்கி வைத்துவிட்டார். தனியாக இந்தப் பொறுப்பை எடுக்காதீர்கள். முதல் நாளே மூன்று பேர் பெயரும் ஊரும் எழுத்தில் இருக்கட்டும், வங்கி எஸ்எம்எஸ் மூன்று பேரும் பார்க்கும்படி இருக்கட்டும்.

அக்டோபர் வந்தது. வானம் கறுத்துக்கொண்டே வந்தது. ஆர்மோனியத்தையும் மத்தளத்தையும் வாத்தியார் ஐயா தன் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுபோய்விட்டார். அவர் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. “பாத்துக்கலாம்மா, கஜாவையே பாத்தாச்சு” என்றார். ஐப்பசி பிறக்க நான்கு நாள் இருக்கும்போது என் சங்கிலியை அடகு வைத்து 60,000 ரூபாய்க்கு ஷீட் வாங்கினேன். அக்டோபர் 15ஆம் தேதி வடகிழக்குப் பருவமழை தொடங்கியது என்று செய்தி வந்த மாலையில்தான் கடைசி ஷீட்டை முறுக்கினார்கள். நீங்களும் இப்படி நகையை அடகு வையுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். முழுப் பணமும் கைக்கு வரும்முன் பழைய கூரையைப் பிரிக்காதீர்கள் என்பேன்.

இதற்கு நடுவே ஆடிட்டரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “உறவுக்காரங்க இல்லாதவங்ககிட்ட வருஷத்துக்கு 50,000க்கு மேல வந்தா அது உங்க வருமானமா வரும்னு தெரியுமாம்மா?” தெரியாது. இது எனக்காக வந்ததல்ல, ஒரு சங்கத்துக்காக வாங்கி அவர்களுக்கே கொடுத்தது என்று காட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் தாள் வேண்டும் என்றார். அடுத்தது ஈப்போவிலிருந்து ஒரு ரசிகை, இங்கிருக்கும் தன் சித்தி மகன் கணக்கு வழியாக அனுப்பியிருந்த 15,000 ரூபாய். மலேசியக் குடியுரிமை உள்ளவர் தருவது வெளிநாட்டு நன்கொடை, இந்திய ரூபாயாக வந்தாலும் அப்படித்தான், அதை வாங்க எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும் என்றார் அவர். அந்தப் பதிவுக்கு ஒரு சங்கம் மூன்று வருடமாவது இயங்கி, 15 லட்சம் ரூபாய் செலவு காட்டியிருக்க வேண்டும். டெல்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் கணக்கும் வேண்டும். ஊர்க் கொட்டகைக்கு அதெல்லாம் நடக்கிற காரியமா? இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் இந்தச் சிக்கல் இல்லை. அங்கேயே குடியுரிமை வாங்கிவிட்டவர்களிடம், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும்கூட, வாங்கக் கூடாது. நம் சீரியல்களை மலேசியாவிலும் கனடாவிலும் லட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள், அவர்கள் ஆசையாகத் தருவார்கள். வேண்டாம் என்று சொல்லக் கஷ்டமாக இருக்கும். கணக்கு திறந்ததும் அந்த 15,000ஐத் திருப்பி அனுப்பினேன். அந்த அம்மா வருத்தப்பட்டாலும் புரிந்துகொண்டார்.

சங்கத்தின் பெயரிலேயே பணம் வாங்கியிருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். அந்தச் சங்கம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி பதிவானதுதான். ஆனால் ஆண்டறிக்கை தாக்கல் செய்யாமல் விட்டிருந்தார்கள், வங்கிக் கணக்கும் நெடுநாள் வரவுசெலவு இல்லாமல் செயலிழந்து கிடந்தது. அவசரத்தில் ‘அதைச் சரிசெய்ய ஒரு மாதம் ஆகும், என் கணக்கிலேயே வாங்கிவிடலாம்’ என்று நினைத்தேன். அந்த ஒரு மாதம் காத்திருந்திருக்கலாம். சங்கக் கணக்கில் வாங்கியிருந்தாலும் யாராவது ஒருவர் அனுப்பிய தவறான பணத்தால் சிக்கல் வந்திருக்கலாம்தான். ஆனால் சங்கக் கணக்கு என்றால் இரண்டு கையெழுத்து, தீர்மானப் புத்தகம், ரசீதுப் புத்தகம் எல்லாம் இருக்கும். என் வீட்டு அரிசிப் பணம் அதில் மாட்டியிருக்காது.

நவம்பர் 10ஆம் தேதி, 52 நாள் கழித்து, கணக்கு திறந்தது. தீபாவளி அதற்குள் போய்விட்டது. 2,500 மட்டும் லீனில் நின்றது. அடகு மீட்க 60,000 எடுத்ததையும் எல்லோருக்கும் எழுதிக் காட்டிவிட்டு, மீதி 1,29,200ஐப் புதுப்பித்த சங்கக் கணக்குக்கு அனுப்பினேன். அதில் ஒயரிங்கும் எர்த்தும் 38,000, கழிப்பறை 85,000, கையிருப்பு 6,200. என் பையிலிருந்து போனது: ஆடிட்டருக்கு 6,000, திருச்சிக்கும் வங்கிக்கும் அலைந்தது 4,200, அடகு வட்டி 900, ஒன்பது நாள் சம்பளப் பிடித்தம் 5,100. மொத்தம் 16,200. இதை நான் யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் நீங்கள் திட்டம் போடும்போதே ஆடிட்டர் செலவு, போக்குவரத்து என்று ஒரு தொகையை வெளிப்படையாக ஒதுக்குங்கள், அதில் தப்பே இல்லை.

கணக்கை எப்படிக் காட்டுவது என்று யோசித்தபோது அப்பாவின் மொய் நோட்டு ஞாபகம் வந்தது. எங்கள் பக்கம், கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வரைக்கும், ஆடியில் மொய் விருந்து வைத்தால் ஒரே நாளில் லட்சக்கணக்கில் சேரும். அவ்வளவும் ஊர், பெயர், தொகை என்று மையால் எழுதிய ஒரு நோட்டின் நம்பிக்கையில் நடக்கிறது. எத்தனை வருடம் கழிந்தாலும் அந்த வரி பேசும். நான் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் எக்செல் தாள்களையும் போட்டுக்கொண்டிருந்தபோது நம்பாதவர்கள், நீள நோட்டில் 587 வரிகளையும் கையால் எழுதி ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துப் போட்டதும் அமைதியானார்கள். தன் பெயரைத் தானே தேடிப் பார்க்க முடிவதுதான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். அன்று மோசடிக்காரி என்று எழுதிய அக்கா 214ஆம் வரியில் இருந்தார். அவர் தனியாக எனக்குப் போன் செய்து கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் “சாப்பிட்டியா” என்று கேட்டார்.

தை மாதம் கொட்டகையில் பிள்ளைகள் வள்ளி திருமணத்திலிருந்து ஒரு பகுதியை நடித்தார்கள். பெரியப்பாவாக நடித்தவர் விளம்பரம் இல்லாமல் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார். நோட்டை வாசலில் ஒரு மேசையில் வைத்திருந்தோம். வயதான ஒரு அம்மா பேத்தியைப் படிக்கச் சொல்லி இரண்டு தடவை புரட்டினார். அவர் பெயர் இல்லை. 50 ரூபாய் கொடுத்தேனே என்றார். விசாரித்தால், பக்கத்து வீட்டுப் பையன் தன் ஜிபேயிலிருந்து அனுப்பியிருக்கிறான், அதனால் 402ஆம் வரியில் அவன் பெயர் இருந்தது. ஜிபேயில் வரும் பெயரும் கொடுத்தவர் பெயரும் ஒன்று என்று நினைத்து எழுதிவிட்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அந்த வரியின் மேல் கோடு போட்டு, ஊர், வீட்டுக்காரர் பெயர், அவர் பெயர் என்று மொய்யில் எழுதுவதுபோல எழுதினேன். பேத்தி சத்தமாகப் படித்தாள். “அந்த 50ஐச் சொல்லு” என்றார். அதையும் படித்தாள். பிறகுதான் உள்ளே போய் உட்கார்ந்தார்.